வெல்டிங்குக்கு மசியாத அலுமினியம்

விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள் அதன் மேல் வரிசை வரிசையாக ரிவெட் தலைகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு பெரிய பயணிகள் விமானத்தில் இப்படி இலட்சக்கணக்கில் ரிவெட்டுகளும் போல்ட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் துளை போட வேண்டும், துளையைச் சோதிக்க வேண்டும், எடையையும் சுமக்க வேண்டும். கப்பலையும் பாலத்தையும் வெல்டிங் செய்து முடிக்கிறோம். விமானத்துக்கு மட்டும் ஏன் இத்தனை துளை?

இதற்குக் காரணங்கள் பல. முக்கியமான ஒன்று, விமானத்துக்குப் பயன்படும் வலிமையான அலுமினியக் கலவைகள் வெல்டிங்குக்கு ஒத்துழைப்பதில்லை என்பது. அவற்றில் பேர்போனது 7075. அலுமினியத்தோடு 5 முதல் 6 சதவீதம் வரை துத்தநாகம், 2 முதல் 3 சதவீதம் வரை மக்னீசியம், ஒன்றரை சதவீதம் அளவுக்குச் செம்பு. 1930களில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் இந்த வகைக் கலவையை உருவாக்கியது. ஜீரோ போர் விமானத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். 1943இல் அமெரிக்காவின் அல்கோவா தன் வடிவத்தைக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை இதன் கதை ஒன்றுதான்: எஃகை நெருங்கும் வலிமை, எஃகில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் எடை, ஆனால் உருக்கி இணைத்தால் விரிசல்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சுருக்கமாக யூசிஎல்ஏவில், இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சியாவோசுன் லீயின் குழு 2019 ஜனவரியில் இந்தக் கதையை மாற்றிக் காட்டியது. வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பிக்குள் டைட்டானியம் கார்பைடு நானோ துகள்களைக் கொஞ்சம் கலந்தார்கள். டங்ஸ்டன் முனையிலிருந்து வரும் மின்வில்லால் உலோகத்தை உருக்கும் சாதாரண டிக் வெல்டிங்தான் செய்தார்கள். விரிசல் வரவில்லை.

'நானோ' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் ஒரு மாயப் பொருளை எதிர்பார்க்கிறோம். இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் மாயம் எதுவும் இல்லை என்பதே. டைட்டானியம் கார்பைடு பழைய பொருள். வெட்டும் கருவிகளில் பல காலமாக இருக்கிறது. புதுமை இருப்பது உற்பத்தி முறையில். அந்தத் துகளை எங்கே, எப்படி, எவ்வளவு சீராகப் பரப்புவது என்பதில்தான் பல ஆண்டு உழைப்பு போயிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முதலில் விரிசல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், அதே வெப்பநிலையில் உறையும். 7075 அப்படி இல்லை. குளிரும்போது 635 டிகிரியில் உறையத் தொடங்கி, 477 டிகிரிக்குப் பக்கத்தில்தான் முழுதும் உறைந்து முடிகிறது. நடுவில் உள்ள சுமார் 160 டிகிரி இடைவெளியில் அது பாதி திடம், பாதி திரவம். அங்கேதான் ஆபத்து.

முதலில் உறைவது பெரும்பாலும் அலுமினியம். அதன் படிகம் வளரும்போது துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் செம்பையும் தனக்குள் முழுதாக ஏற்றுக்கொள்ளாமல் மீதித் திரவத்துக்குள் தள்ளிவிடுகிறது. மீதித் திரவத்தில் அவை சேரச் சேர, அந்தத் திரவம் உறையும் வெப்பநிலை இன்னும் கீழே இறங்குகிறது. வெல்டிங் குட்டையின், அதாவது வெல்டிங் செய்யும் இடத்தில் உருகித் தேங்கிய உலோகத்தின், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நீளமான தூண்கள் போலப் படிகங்கள் கிளைவிட்டு வளர்கின்றன. கடைசியில் இரண்டு நீளப் படிகங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய திரவப் படலம் மட்டும் மிஞ்சுகிறது.

அலுமினியம் உறையும்போது அதன் கன அளவு 6 சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்குகிறது. உறைந்த பகுதியும் குளிரக் குளிர மேலும் சுருங்கும். இரண்டு பக்கத் தகடுகளும் விறைப்பாக நிற்க, நடுவில் எல்லாம் இழுபடுகிறது. இழுப்பைத் தாங்க வேண்டிய இடத்தில் இருப்பது ஒரு திரவப் படலம். திரவத்துக்கு ஏது இழுவலிமை? இடைவெளி திறக்கிறது. அதை நிரப்பப் புதுத் திரவம் வர வேண்டும். நீளமான படிகங்களுக்கு நடுவே உள்ள குறுகிய சந்துகளில் அது வந்து சேர்வதில்லை. திறந்த இடம் விரிசலாகவே உறைந்துவிடுகிறது. இதற்கு வெப்ப விரிசல் என்று பெயர். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது. சிக்கல் கையில் இல்லை, உலோகம் உறையும் விதத்தில் இருக்கிறது.

சிலிக்கன் 5 சதவீதம் உள்ள 4043 போன்ற வேறு ஃபில்லர் கம்பிகளைப் பயன்படுத்தி அலுமினியத்தில் விரிசலைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் இணைப்பில் இருப்பது 7075 இல்லை, பலம் குறைந்த வேறொரு கலவை. வலிமைக்காக 7075ஐ வாங்கிவிட்டு இணைப்பில் அந்த வலிமையை விட்டுக்கொடுப்பதில் என்ன பயன்?

இன்னொரு வழியையும் சொல்லிவிட வேண்டும். 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிலையம் கண்டுபிடித்த உராய்வுக் கலக்கல் வெல்டிங்கில் உலோகம் உருகுவதே இல்லை. சுழலும் ஒரு கருவி, உராய்வுச் சூட்டில் மென்மையான இரண்டு விளிம்புகளையும் கலந்து இணைக்கிறது. 7075ஐயும் அப்படி இணைக்க முடியும். ராக்கெட்டுகளின் பெரிய எரிபொருள் தொட்டிகளில் வேறு வலிமையான அலுமினியக் கலவைகளை அப்படித்தான் இணைக்கிறார்கள். ஆனால் அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், பணிப்பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும், வளைவும் மூலையும் குழாய்ச் சந்திப்பும் உள்ள இடங்களில் அது திணறும். கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எந்த மூலையிலும் செய்யக்கூடிய வெல்டிங்குக்கு அது மாற்று ஆகாது. ஆக, 7075ஐ 'வெல்டிங் செய்ய முடியாதது' என்று சொன்னதெல்லாம் உருக்கி இணைக்கும் வெல்டிங்கைப் பற்றித்தான்.

சரி, நானோ துகள் இங்கே என்ன செய்கிறது? பனங்கற்கண்டு செய்யும்போது காய்ச்சிய பாகில் நூலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கற்கண்டு அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் உருவாகும், ஏனென்றால் படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். உருகிய உலோகத்திலும் அதே விதிதான். பிடிமானம் குறைவாக இருந்தால் படிகங்கள் வெல்டிங் குட்டையின் ஓரத்தில் தொடங்கி நீளமாக உள்நோக்கி வளரும். குட்டை முழுக்கக் கோடிக்கணக்கான பிடிமானங்கள் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னப் படிகங்கள் தொடங்கும்; ஒன்றையொன்று முட்டிக்கொள்வதால் எதுவும் நீளமாக வளர முடியாது.

டைட்டானியம் கார்பைடு உருக 3,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் உருகிய அலுமினியத்தில் அது திடமாகவே நிற்கும். அதன் பிடிமானத்தில் புதுப் படிகங்கள் தொடங்குகின்றன. மீதித் துகள்கள் வளரும் படிகத்தின் முகப்பில் போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. கடைசியில் உறையும் அந்தத் திரவமும் நீண்ட படலமாக இல்லாமல் துண்டு துண்டாகச் சிதறிவிடுகிறது. அப்புறம் சுருக்கத்தின் இழுப்பு வரும்போது, அது ஒரே நீளக் கோட்டில் விழாமல் கணக்கற்ற சின்ன எல்லைகளில் பகிர்ந்துபோகிறது. சின்னப் படிகங்கள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கின்றன. திரவமும் அவற்றின் இடுக்குகளில் எளிதாக ஓடி இடைவெளியை நிரப்புகிறது.

படிகம் தொடங்கப் பிடிமானத் தூள் போடுவது வார்ப்பாலைகளில் பழைய வழக்கம். டைட்டானியமும் போரானும் கலந்த அலுமினியக் கட்டியை உருகிய உலோகத்தில் போட்டுப் படிகங்களைச் சிறிதாக்குவார்கள். அப்படியிருக்க, நானோ அளவு எதற்கு? எண்ணிக்கைக்காக. ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர். 5,000 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு துகளுக்குப் பதிலாக அதே கன அளவில் 50 நானோமீட்டர் துகள்களைப் போட்டால் பத்து இலட்சம் துகள்கள் கிடைக்கும். கொஞ்சம் பொருளில் இத்தனை பிடிமானங்களும் இத்தனை தடைகளும் வேறு வழியில் கிடைக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. டைட்டானியம் கார்பைடு உருகிய அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு அடர்த்தியானது. பெரிய துகளாக இருந்தால் அடியில் படிந்துவிடும். நானோ அளவில் திரவ அணுக்களின் மோதலே அதை மிதக்கவைக்கப் போதும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் முன்பே செய்யவில்லை? இந்த இடம்தான் இந்த ஆய்வின் உயிர்.

நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு வெறும் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 50 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,290 சதுர அடி. இவ்வளவு மேற்பரப்பு இருந்தால் ஒட்டுவதற்கும் அவ்வளவு இடம். வான் டெர் வால்ஸ் விசை பக்கத்துத் துகள்களை இழுத்து ஒட்டவைக்கும். இதற்கு மேல், உருகிய அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு ஆடை படிந்திருக்கும். தூளை அப்படியே கொட்டினால் அது உள்ளே போகாமல் மேலேயே கிடக்கும். ஒருவழியாக உள்ளே போன கட்டிகள் வலிமை தருவதற்குப் பதிலாக விரிசல் தொடங்கும் இடங்களாகிவிடும். நானோ துகள் சேர்த்த உலோகங்கள் பல ஆண்டுகள் பெரிய வாக்குறுதியாகவே நின்றுபோனதற்கு இதுதான் முதல் காரணம்.

லீ யூசிஎல்ஏவுக்கு வருவதற்கு முன், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வியைத்தான் துரத்தியிருக்கிறார். அங்கே அவர் குழு கையாண்டது மீயொலி. உருகிய உலோகத்துக்குள் நமக்குக் கேட்காத அதிர்வெண்ணில் நடுங்கும் கம்பியை இறக்கினால், திரவத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி நொடியில் வெடித்து அடங்கும். அந்த வெடிப்பின் அதிர்ச்சி துகள் கட்டிகளை உடைக்கும். ஆனால் மீயொலியை நிறுத்தியதும் துகள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளக் கூடாதே? அதற்கான பதில் 2015 டிசம்பரில் வெளிவந்த அவர்களுடைய மக்னீசிய ஆய்வில் இருக்கிறது. திரவ உலோகம் துகளின் மேற்பரப்பை நன்றாக நனைத்தால், இரண்டு துகள்கள் நெருங்கும்போது நடுவில் உள்ள உலோகத்தை விரட்டுவதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். அந்தத் தடை அவை தொட்டுக்கொள்வதைத் தடுக்கிறது. உருகிய உலோகத்தின் சூட்டில் துகள்கள் ஓயாமல் அலைவதால், லேசாக இழுக்கப்பட்டாலும் பிரிந்துவிடுகின்றன. துகளும் உலோகமும் சரியான சோடியாக அமைந்தால் இழுப்பு விசையும் குறைகிறது. இந்த மூன்றும் கூடினால் துகள்கள் தாமாகவே பரவி நிற்கும். அந்த ஆய்வில் மக்னீசியத்துக்குள் 14 சதவீதம் சிலிக்கன் கார்பைடு நானோ துகள்களை அப்படிச் சீராகப் பரப்பி, எடையோடு ஒப்பிட்டால் மிக உயர்ந்த வலிமையும் விறைப்பும் கிடைப்பதாகக் காட்டினார்கள்.

அலுமினியத்துக்கு உருகிய உப்பின் உதவி. துகள்களை உப்போடு சேர்த்து உருகிய அலுமினியத்தின் மேல் போட்டால், உப்பு ஆக்சைடு ஆடையைக் கரைத்து வழிவிடுகிறது; துகள்கள் உப்பிலிருந்து உலோகத்துக்குள் இறங்குகின்றன. அப்படிக் கிடைத்த உலோகத்தைக் கம்பியாக இழுத்தால் ஃபில்லர் தயார்.

முடிவை எண்களில் பார்க்கலாம். மெகாபாஸ்கல் என்ற அலகு மிரட்டலாகத் தெரிந்தாலும் விஷயம் சின்னது: ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதுதான் கணக்கு. கார்களிலும் விமானங்களிலும் பரவலாக உள்ள 6061 என்ற கலவையை வெல்டிங் செய்தால் இணைப்பு 186 மெகாபாஸ்கல் தாங்கும், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 19 கிலோ. நானோ துகள் கம்பியில் செய்த 7075 இணைப்பு 392 வரை தாங்கியது, 40 கிலோ. இணைத்த பிறகு வெப்பப் பதப்படுத்தல் செய்தபோது அது 551 வரை ஏறியது, 56 கிலோ. வெல்டிங்கே செய்யாத, முறையாகப் பதப்படுத்திய 7075 சுமார் 570 தாங்கும்.

392 எப்படி 551 ஆனது என்பதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. 1906இல் பெர்லின் அருகே ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தி எடுத்தார். சில நாள் கழித்துச் சோதித்தால் அது தானாகவே கடினமாகியிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. 1938இல் பிரான்சில் கினியேயும் பிரிட்டனில் பிரஸ்டனும் தனித்தனியாக எக்ஸ் கதிரில் விடையைக் கண்டார்கள்: கரைந்திருந்த அணுக்கள் உலோகத்துக்குள்ளேயே சில நானோமீட்டர் அளவுக் கூட்டங்களாகச் சேர்கின்றன. உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இந்தக் கூட்டங்கள் அதை மறிக்கின்றன. 7075இன் வலிமையும் இப்படித்தான் வருகிறது. 470 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, 120 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்த நுண்ணிய துகள்கள் உள்ளே முளைக்கும். 'நானோ' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே விமானங்கள் நானோ துகள்களின் பலத்தில்தான் பறந்துகொண்டிருந்தன.

உள்ளே முளைத்த அந்தத் துகள்கள் வெல்டிங் சூட்டில் கரைந்துவிடும். வெளியிலிருந்து போட்ட டைட்டானியம் கார்பைடு கரையாது. முதலாவது வலிமை தருகிறது, இரண்டாவது விரிசல் இல்லாமல் உறைய வைக்கிறது. வெல்டிங் முடிந்து மறுபடி பதப்படுத்தும்போது கரைந்துபோன முதல் வகை திரும்ப முளைக்கிறது. அதனால்தான் 551. டைட்டானியம் கார்பைடு இல்லாமல் பதப்படுத்தலை மட்டும் செய்து பயனில்லை, விரிசல் விட்ட இணைப்பை எந்த உலையும் ஒட்டவைக்காது.

இதே சிந்தனை முப்பரிமாண அச்சிலும் வேலை செய்திருக்கிறது. உலோகத் தூளை மெல்லியதாகப் பரப்பி, லேசரால் வேண்டிய இடத்தை உருக்கி, அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கும் முறை அது. யோசித்துப் பார்த்தால் அது கணக்கற்ற சின்ன வெல்டிங்குகளின் தொகுப்பு, அதனால் 7075 அங்கேயும் விரிசல் விட்டது. கலிபோர்னியாவின் மாலிபுவில், போயிங்கும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நடத்தும் எச்ஆர்எல் ஆய்வகம் 2017 செப்டம்பரில் ஒரு தீர்வை வெளியிட்டது. அவர்கள் துகளை உருகிய உலோகத்துக்குள் கலக்கவில்லை. 7075 தூளின் ஒவ்வொரு மணியின் மேலும் சிர்கோனிய நானோ துகள்களை ஒட்டவைத்தார்கள். லேசர் பட்டு உருகும்போது சிர்கோனியம் அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு சேர்மமாகிறது. அதன் அணு அமைப்பு அலுமினியப் படிகத்தோடு நன்றாகப் பொருந்துவதால், படிகங்கள் அதன் மேல் உடனே தொடங்கிவிடுகின்றன. நீளத் தூண்கள் மறைந்து நுண்ணிய படிகங்கள் வந்தன, விரிசல் போனது. எந்தத் துகள் பொருந்தும் என்பதைக் கணினியில் அலசித்தான் தேர்ந்தெடுத்தார்கள். தூளின் மேலேயே ஒட்டிவிட்டதால் 'உருகிய உலோகத்துக்குள் எப்படிப் பரப்புவது' என்ற கேள்வியை அவர்கள் எதிர்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. அச்சு முறைக்கு இது நல்ல வழி. வார்ப்புக்கும் கம்பிக்கும் யூசிஎல்ஏவின் வழிதான் பொருந்தும்.

நானோ பொருள்கள் பற்றிய செய்திகளைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். துகளின் பெயரை விட, அது உள்ளே எப்படிப் போனது, எவ்வளவு பெரிய மாதிரியில் சோதித்தார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். மேலே சொன்ன மக்னீசிய ஆய்வில் கூட, சில சோதனைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூண்களை அழுத்திப் பார்த்தவை. அது அறிவியலுக்குப் பெரிய படி. அதிலிருந்து ஒரு கார் பாகத்தை வார்த்தெடுப்பது இன்னொரு பெரிய வேலை. ஃபில்லர் கம்பி எனக்கு நம்பிக்கை தருவது இதனால்தான். வெல்டிங் மெஷின் மாற வேண்டாம், உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயு மாற வேண்டாம், வெல்டர் புதிதாகப் பெரிய பயிற்சி எடுக்க வேண்டாம். கம்பி மட்டும் மாறினால் போதும்.

யூசிஎல்ஏ குழு முதலில் கைகோத்தது ஒரு சைக்கிள் நிறுவனத்தோடு, 7075 சட்டத்துக்கான மாதிரி செய்து பார்க்க. இதுவே சரியான வரிசை என்று நினைக்கிறேன். சைக்கிள் சட்டம் சின்னது, மெல்லிய குழாய்களின் சந்திப்புகள் நிறைந்தது, எடை குறைந்தால் ஓட்டுபவர் உடனே உணர்வார். விமானம் அப்படி இல்லை. அங்கே ஒரு முறை இழுத்துப் பார்த்த வலிமை போதாது. கோடிக்கணக்கான அதிர்வுகளுக்குப் பிறகு இணைப்பு எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். 7075க்கு ஒரு பழைய பலவீனமும் உண்டு. இழுவிசையும் ஈர உப்பும் சேர்ந்தால், முழு வலிமைக்குப் பதப்படுத்திய 7075இல் படிக எல்லைகள் வழியே மெல்ல விரிசல் ஊர்ந்து வரும். நானோ துகள் இந்த எல்லைகளைத்தான் மாற்றியமைக்கிறது, அதனால் இந்தச் சோதனை இந்த இணைப்புக்கு மிகவும் முக்கியம். வழக்கமான முறை எளிமையானது, பொறுமையைக் கேட்பது: மாதிரியை இழுவிசையில் பூட்டி, ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் மூன்றரை சதவீத உப்புநீரில் முக்கி, 50 நிமிடம் காற்றில் உலரவிட்டு, நாள்கணக்கில், வாரக்கணக்கில் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.